கல்லில் இல்லாத வாசகம்

வெளியூர் போகிறவர்கள் கோயில் பார்ப்பார்கள், கோட்டை பார்ப்பார்கள், கடைத்தெருவையும் ஒரு சுற்றுச் சுற்றி வருவார்கள். எனக்கு இடுகாடு பார்க்கும் பழக்கம் ஒன்று உண்டு. என் வீட்டாருக்கு இது அவ்வளவாகப் பிடிக்காத சங்கதி. ஆக்ஸ்போர்டில் படித்துக்கொண்டிருந்த என் தங்கை மகனுக்கும் பிடிக்கவில்லை.

"ஏன் மாமா, இந்த ஊரில் பார்க்க முப்பது கல்லூரிக்கு மேல் இருக்கிறது. நீங்கள் போயும் போயும் சுடுகாட்டுக்கு வழி கேட்கிறீர்களே!" என்றான்.

"சுடுகாடு இல்லையடா, இடுகாடு. போப்பையர் அங்கேதான் இருக்கிறார்" என்றேன்.

ஜி. யு. போப்பின் கதையை முதன்முதலில் எனக்குச் சொன்னவர் எங்கள் தமிழ் வாத்தியார். திருக்குறளையும் நாலடியாரையும் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் பெயர்த்த அந்தப் பாதிரியார், தம் கல்லறையில் "இங்கே ஒரு தமிழ் மாணவன் உறங்குகிறான்" என்று பொறிக்கச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார் என்று சொல்லும்போது வாத்தியாருக்குக் குரல் கம்மிவிடும். எங்களுக்கும் தொண்டையை என்னவோ செய்யும். பிற்காலத்தில் நானும் எத்தனையோ பள்ளி விழாக்களில் அதே வாக்கியத்தைச் சொல்லியிருக்கிறேன். பொய் சொல்லக் கூடாது. வாத்தியாரைப் போலவே அந்த இடத்தில் குரலைச் சற்றுத் தாழ்த்திக்கொண்டும் சொல்லியிருக்கிறேன். கைதட்டல் ஒருநாளும் தவறியதில்லை.

செயின்ட் செபல்கர் இடுகாடு வால்ட்டன் தெருவில் இருக்கிறது. விசாரித்துக்கொண்டு போகாவிட்டால் வாசலைத் தாண்டிப் போய்விடுவோம். நகரத்துக் கோயில்களைச் சுற்றியிருந்த பழைய இடுகாடுகளில் இனி ஒரு பெட்டியை இறக்கவும் இடமில்லை என்ற நிலை வந்தபோது, 1848-இல் திறந்தார்கள். நடுவில் இருந்த சிறிய தேவாலயம் இப்போது இல்லை. மரங்களும் புல்லும் சாய்ந்த சிலுவைகளுமாக, பக்கத்தில் ஒரு தெரு இருக்கிறது என்பதையே மறக்கடிக்கிற அமைதி. எங்களைத் தவிர, நாயைப் பிடித்துக்கொண்டு ஓர் அம்மாள் போனாள். அவ்வளவுதான்.

வழியில் பெஞ்சமின் ஜோவெட்டின் கல்லறையைப் பார்த்தோம். பிளேட்டோவை ஆங்கிலத்தில் தந்தவர்; பேலியல் கல்லூரியின் தலைவராக இருந்தவர். அவர் கல்லூரியில்தான் போப் கடைசிக் காலத்தில் குருவாக இருந்தார். இந்த இருவரையும் பற்றி ஒரு சம்பவம் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

போப்பின் கல்லைப் பையன்தான் முதலில் கண்டுபிடித்தான். குனிந்து மெள்ள வாசித்தான். மறுபடியும் வாசித்தான்.

"மாமா, நீங்கள் சொன்னது இதில் இல்லையே!"

நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். இல்லைதான். பெயர், தென்னிந்தியாவைச் சேர்ந்தவர் என்று ஒரு குறிப்பு, பல்கலைக்கழகத்தில் தமிழும் தெலுங்கும் போதித்தவர் என்ற விவரம், பிறந்தது 1820, மறைந்தது 1908. எல்லாம் ஆங்கிலத்தில். தமிழ் மாணவனைக் காணோம்.

எனக்கு முதலில் வந்தது வருத்தமல்ல, வெட்கம். எத்தனை மேடைகள்! எத்தனை பிள்ளைகள் அதைக் கட்டுரையில் எழுதி மார்க்கு வாங்கியிருப்பார்கள்! மெரினாக் கடற்கரையில் 1968-இல் அவருக்குச் சிலை வைத்த நாம், அவர் கல்லில் என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல ஓர் ஆளை அனுப்பவில்லையா? அப்படிச் சொல்வதும் சரியல்ல. எத்தனையோ தமிழர் இங்கே வந்து பார்த்து எழுதியும் இருக்கிறார்கள். காதில் ஏறியதை இறக்கத்தான் நமக்கு மனம் வரவில்லை.

"அடியில் இன்னும் ஏதோ இருக்கிறது" என்றான் பையன்.

இருந்தது. கீழ்த்திசை இலக்கியத்துக்கும் தத்துவத்துக்கும் அவர் ஆயுள் முழுதும் செய்த தொண்டை எண்ணி, அவர் குடும்பத்தாரும் தென்னிந்தியாவில் உள்ள அவருடைய தமிழ் நண்பர்களும் அன்போடு வைத்த கல் இது என்று எழுதியிருந்தது.

அங்கேயே சிறிது நேரம் நின்றுவிட்டேன். நம்மூர்க் கதைக்கு இன்னொரு கிளையும் உண்டு. கல்லறைச் செலவில் ஒரு பங்காவது தமிழர் கொடுத்த காசாக இருக்க வேண்டும் என்று போப் கேட்டாராம். அதை மேடையில் யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை, கைதட்டல் வராது. அவர் கேட்டாரோ இல்லையோ, தமிழர் கை இந்தக் கல்லில் பட்டிருக்கிறது. அவர் இந்தியாவை விட்டுப் போய்க் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகியும், முகம் மறக்காமல் கடல் கடந்து கல் வைத்திருக்கிறார்கள். அவர்கள் பெயர் கல்லில் இல்லை. நாம் பிடித்துக்கொண்ட வாக்கியமோ அவர்களை இருந்த சுவடே தெரியாமல் செய்துவிட்டது.

இத்தனைக்கும் போப் எல்லோரும் நெருங்கிப் பழகக்கூடிய சாதுவான மனிதரல்லர். சாயர்புரத்திலும் தஞ்சாவூரிலும் உதகமண்டலத்திலும் பள்ளிக்கூடம் நடத்திய காலத்தில் அவர் கண்டிப்பு பிரசித்தம். பிரம்புக்குப் பயந்தவர்களும் அந்த நண்பர்களில் இருந்திருப்பார்களோ, யார் கண்டது!

இனி அந்தச் சம்பவம். நாலடியார் வெளிவந்த 1893-ஆம் ஆண்டை ஒட்டி, ஓர் இரவில் பேலியல் கல்லூரி முற்றத்தில் போப்பும் ஜோவெட்டும் உலாவிக்கொண்டிருந்தார்கள். பேச்சு தமிழ்ப் பாட்டுக்குத் திரும்பியது. திருவாசகத்தை அச்சிட்டே ஆகவேண்டும் என்றார் ஜோவெட். போப்புக்கு வயது எழுபதுக்கு மேல். நான் சாகாவரம் பெற்று வரவில்லையே என்றார். ஜோவெட் அவர் தோளில் கை வைத்து, பெரிய வேலையொன்று கையில் இருப்பதே நீண்டநாள் வாழ வழி, முடிக்கும்வரை இருப்பீர்கள் என்றார். சொன்னவர் அதே ஆண்டில் போய்விட்டார். கேட்டவர் முடித்தார். 1900-இல், தமது எண்பதாவது பிறந்தநாளன்று திருவாசகத்துக்கு முன்னுரை எழுதினார். இரண்டு பேரும் இப்போது ஒரே இடுகாட்டில்.

அந்த முன்னுரையில் போப் இன்னொன்றும் குறித்திருக்கிறார். தமது முதல் தமிழ்ப் பாடம் 1837-இல் என்று! அப்போது வயது பதினேழு. இந்தியாவில் கால்வைக்க இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. அறுபத்துமூன்று ஆண்டுகளுக்குப் பிறகு, கிழவர் தாம் தமிழ் படிக்க உட்கார்ந்த வருஷத்தைத் தேடி எடுத்து எழுதி வைக்கிறார். மாணவன் என்று கல்லில் எழுதாவிட்டால் என்ன?

திரும்பும்போது அதே வால்ட்டன் தெருவில் பல்கலைக்கழக அச்சகத்தின் பெரிய கட்டடம் வந்தது. நாலடியாரையும் திருவாசகத்தையும் வெளியிட்ட அச்சகம். பையன் நின்று அண்ணாந்து பார்த்தான்.

"இனிமேல் மேடையில் என்ன சொல்வீர்கள், மாமா?"

"இருக்கிறதைச் சொல்கிறேன்" என்றேன்.

சொன்னேன். ஊர் திரும்பியதும் ஒரு பள்ளிக்கூட ஆண்டு விழா. கல்லில் இருப்பதையும், பெயர் தெரியாத அந்தத் தமிழ் நண்பர்களையும் பற்றிக் கால் மணி நேரம் பேசினேன். பிள்ளைகள் சமர்த்தாகக் கேட்டார்கள். பிறகு நன்றியுரை சொல்ல எழுந்த பெரியவர், என் பேச்சை வெகுவாகப் பாராட்டிவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இங்கே ஒரு தமிழ் மாணவன் உறங்குகிறான்" என்று முடித்தார். கொட்டகை அதிர்ந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த நானும் கை தட்டினேன்.