கதவில் விழுந்த கீறல்

காரில் கீறல் விழுந்தால் உடனே பட்டறைக்கு ஓட வேண்டுவதில்லை. கீறலின் குறுக்கே விரல் நகத்தை மெல்ல ஓட்டிப் பாருங்கள். நகம் தடுக்காவிடில், காயம் பெரும்பாலும் நிறமற்ற மேற்பூச்சோடு நின்றிருக்கும். ரப்பிங் காம்பவுண்டை மென்துணியில் தொட்டு இலேசாகத் தேய்த்தால் மறைந்துவிடும். அழுத்தித் தேய்த்தாலோ மேற்பூச்சே போய்விடும். அது அத்துணை மெல்லியது.

சென்ற கோடையில் எங்கள் கார்க் கதவில் ஆணிக் கீறல் ஒன்று கண்டேன். நகம் தடுக்கிற்று, தகடும் தெரிந்தது. செய்தவன் பக்கத்து வீட்டுச் சிறுவன் என்பதை அவன் ஒளிந்த விதமே சொல்லிற்று. அவன் தந்தை அன்றாடக் கூலிக்கு உழைப்பவர். அவரிடம் செலவைக் கேட்க மனம் வரவில்லை.

“தம்பி, துணைக்கு வா” என்று அவனையே அழைத்தேன். தயங்கித் தயங்கி வந்தான். கதவைக் கழுவித் துடைத்தான். கீறலை மட்டும் வாட்டர் பேப்பரால் நனைத்துத் தேய்த்து உலர்த்தினோம். துருப்பிடியாதிருக்க முதலில் பிரைமர். பிறகு காரின் வண்ண எண்ணுக்கேற்ற பெயிண்ட். இறுதியில் நிறமற்ற பூச்சு. ஒவ்வொன்றையும் மெல்லியதாய்த் தீட்டி, காயும்வரை காத்திருந்தோம். அந்தக் காத்திருப்பில்தான், “நான்தான் மாமா” என்றான் அவன்.

உற்று நோக்கினால் தழும்பு இன்றும் தெரியும். ஆயினும் அதற்குப் பின் அவன் என்னைக் கண்டு ஒளிந்ததில்லை.