இவன் இல்லாவிட்டால் யார்?

முதல் பதினொரு பேரைத் தேர்ந்தெடுக்கப் பயிற்சியாளர் தேவையில்லை. அதில் ஒன்பது பெயரை மார்த்தாண்டம் டீக்கடையில் நிற்கிற யாரும் சொல்லிவிடுவார்கள். மீதி இரண்டுக்கு வேண்டுமானால் கொஞ்சம் சண்டை வரும். எங்கள் வேலையின் சிரமம் பதினேழாவது பெயருக்குக் கீழே தொடங்குகிறது. அங்கே நிற்கிற ஏழெட்டுப் பேரும் ஏறக்குறைய ஒரே தரம். அவர்களில் ஐந்து பேரை வைத்துக்கொண்டு மற்றவர்களை அனுப்ப வேண்டும். குழித்துறையில் ஒரு லெவன்ஸ் அணியைப் பல வருஷமாகக் கவனித்து வருகிறேன். அந்தக் கடைசி ஐந்து பெயரை எப்படி எழுதுகிறேன் என்று இங்கே சொல்லப் பார்க்கிறேன்.

எங்கள் பக்கம் ஆளுக்குப் பஞ்சமில்லை. குழித்துறையைத் தாண்டிப் போகிற தாமிரபரணி தேங்காய்ப்பட்டணத்தில் கடலில் சேர்கிறது. அங்கிருந்து மேற்கே இரயுமன்துறை, பூத்துறை, தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை, மார்த்தாண்டன்துறை, நீரோடி என்று கேரள எல்லை வரை வரிசையாக மீனவ ஊர்கள். பந்து உதைக்கத் தெரியாத பையனை அங்கே தேடித்தான் பிடிக்க வேண்டும். இந்திய சூப்பர் லீக் வரை போன மைக்கேல் சூசைராஜ் இரவிபுத்தன்துறைக்காரர். ஆள் இவ்வளவு கிடைக்கிற இடத்தில் ஒருவனை வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம் தெளிவாக இருக்க வேண்டும்.

புதிதாக வருகிற பயிற்சியாளர் இந்த ஏழெட்டுப் பேரையும் முதலில் தரவரிசைப்படுத்துவார், மேலிருந்து ஐந்து பேரை எடுப்பார். அப்படி எடுத்தால் ஐந்தும் ஃபார்வர்டாகவே வந்து நிற்கும். நம்ம ஊரில் காலில் திறமை இருக்கிற பையன் எல்லோரும் கோல் போடவே வளர்கிறான். நான் தாளில் பதினொரு இடத்தையும் வரைந்துகொண்டு ஒவ்வொன்றின் கீழும் ஒரே கேள்வியை எழுதுவேன்: இந்த ஆளுக்கு ஞாயிற்றுக்கிழமை காய்ச்சல் வந்தால் இங்கே யார் நிற்பான்? பதில் உடனே வருகிற இடத்துக்கு ஆள் வேண்டாம். பதில் வராத இடம் காலி.

ஓரத்தில் இருக்கிறவனை முதல் பதினொன்றில் இருக்கிறவனோடு ஒப்பிட்டால் அவன் என்றைக்கும் தோற்பான். அவனும் இல்லாவிட்டால் அந்த இடத்தில் வேறு வழியின்றி யாரைத் தள்ளி நிறுத்துவோமோ, அந்த ஆளோடுதான் அவனை ஒப்பிட வேண்டும். இடது பேக் விழுந்துவிட்டான் என்று ஸ்டாப்பரை அங்கே நகர்த்தினால் ஒரு ஓட்டை இரண்டு ஓட்டையாகிறது. அதனால் இடது காலால் ஆடுகிற ஒரு சுமாரான பேக், வலது காலால் ஆடுகிற நல்ல மிட்ஃபீல்டருக்கு முன்னால் என் பட்டியலில் ஏறுகிறான். 'அவன் என்ன இவனைவிட நல்லா களிப்பானா?' என்று கேட்பார்கள். மாட்டான். ஆனால் அவன் இடத்துக்கு வேறு ஆள் இல்லை.

சூசைராஜின் கதையிலேயே இது இருக்கிறது. அவர் முன்னேறித் தாக்கி ஆடுகிற மிட்ஃபீல்டர். ஏடிகே அணியில் அந்தோனியோ ஹபாஸ் அவரை இடது விங்-பேக்காக நிறுத்தினார். 2019-20 சீசனில் அந்த அணி கோப்பையை வென்றது. அடுத்த சீசனின் முதல் ஆட்டம் 2020 நவம்பர் 20 அன்று கோவாவின் பாம்போலிமில், கேரள பிளாஸ்டர்ஸுக்கு எதிராக நடந்தது. தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே சூசைராஜ் முழங்காலில் அடிபட்டு வெளியே போனார். அந்த சீசனே அவருக்குப் போயிற்று. பெஞ்சிலிருந்து அவர் இடத்துக்கு வந்தவர் சுபாசிஷ் போஸ். ஏடிகே மோகன் பகான் 1-0 என்று வென்றது. போஸ் பின்னாளில் கேப்டனாகி 2024-25இல் லீக் ஷீல்டு, கோப்பை இரண்டையும் அந்த அணிக்கு வாங்கிக் கொடுத்தார். எங்கள் பையனுக்கு நடந்தது இங்கே எல்லோருக்கும் வருத்தம். பட்டியல் போடுகிறவன் இன்னொன்றையும் பார்ப்பான்: அன்று அந்த அணி வேறு யாரையும் இடம் நகர்த்த வேண்டியிருக்கவில்லை. இடது காலுக்கு இன்னொரு ஆள் பெஞ்சில் தயாராக இருந்தார்.

ஆளை எப்படிச் சோதிப்பது? ஓரத்தில் நிற்பவர்களை மொத்தமாக ஒரு அணியாக்கி முதல் அணியோடு மோதவிடுவது வழக்கம். அதில் ஒன்றும் தெரியாது. பாஸ் கொடுக்கிறவனும் தடுமாறுவான், வாங்குகிறவனும் தடுமாறுவான். யார் பிழை என்று பிரிக்க முடியாது. நான் ஒருவனை மட்டும் எடுத்து முதல் அணிக்குள் வைப்பேன். மற்றப் பத்துப் பேரின் வேகத்துக்கு அவன் ஈடு கொடுக்கிறானா, ஆட்டம் அவனிடம் வந்து தேங்குகிறதா என்பது இருபது நிமிஷத்தில் தெரிந்துவிடும். பந்து அவன் காலில் இருக்கும்போது நான் அதிகம் பார்ப்பதில்லை. பந்தைப் பறிகொடுத்த உடனே என்ன செய்கிறான் என்று பார்ப்பேன். கையை விரித்து ரெஃபரியைப் பார்க்கிறவனும் உண்டு, திரும்பி ஓடுகிறவனும் உண்டு.

பிறகு, நாம் ஒரு கோல் முன்னால் இருக்கிறோம் என்று சொல்லிக் கடைசிப் பத்து நிமிஷம் இறக்குவேன். இன்னொரு நாள் ஒரு கோல் பின்னால் என்று சொல்லி இறக்குவேன். சப்பாக வருகிறவன் ஆட்டத்தோடு மெல்லப் பழகிக்கொள்ள அவகாசம் கிடையாது. அரை மணி நேரம் ஓடினால்தான் உடம்பு சூடேறும் என்கிற அருமையான ஆட்டக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்களை முதல் பதினொன்றில் வைக்கலாம், பெஞ்சில் வைத்துப் பயனில்லை.

பெஞ்ச் என்றாலே எங்கள் பக்கம் மஞ்சேரியைச் சொல்வார்கள். 2022 ஏப்ரல் 28, சந்தோஷ் டிராபி அரையிறுதி. கர்நாடகம் முதல் கோலைப் போட்டது. அரை மணி நேரம் ஆனபோது கேரளப் பயிற்சியாளர் பினோ ஜார்ஜ், ஜெசினை இறக்கினார். ஜெசின் ஐந்து கோல் போட, ஆட்டம் 7-3 என்று முடிந்தது. மே 2ஆம் தேதி இறுதி ஆட்டத்தில் மேற்கு வங்கம் கூடுதல் நேரத்தில் முன்னே போனபோது சமன் செய்த சஃப்னாதும் பெஞ்சிலிருந்து வந்தவர். பிறகு பெனால்டியில் 5-4 என்று கேரளம் கோப்பையை வாங்கியது. 'பெஞ்சில இருந்தாலும் ஒரு நாள் வரும்' என்று பையன்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்கிறார்கள். அது அவர்களுக்கு ஆறுதல். ஒருத்தன் இறங்கி ஐந்து கோல் போடுவான் என்று நம்பி யாரும் பட்டியல் போட முடியாது. முதல் திட்டம் பலிக்காவிட்டால் வேறு மாதிரி ஆட ஒரு ஆள் இருக்கும்படி போடலாம். தொடங்குகிற ஃபார்வர்டு உயரமானவன் என்றால், ஓரத்தில் நான் வைப்பவன் வேகமானவனாக இருப்பான். அதே மாதிரி ஆடுகிற இன்னொருவன், எவ்வளவு நல்லவனாக இருந்தாலும், எனக்கு வேண்டாம்.

விதிகளும் இந்தக் கணக்கை மாற்றியிருக்கின்றன. உலகக் கோப்பையில் மாற்று ஆட்டக்காரருக்கு அனுமதி வந்ததே 1970இல்தான், அதுவும் இரண்டு பேருக்கு. கோவிட் காலத்தில், 2020இல், ஐந்து பேரை மாற்றலாம் என்று தற்காலிகமாகக் கொண்டுவந்த விதி 2022இல் நிரந்தரமானது. கோலியை விட்டால் களத்தில் பத்துப் பேர். அதில் பாதியை மாற்றலாம் என்றால் பதினாறாவது ஆளும் ஆட்டக்காரன்தான். விலக்கு மூன்றாவது கோலி மட்டும். மான்செஸ்டர் சிட்டி ஸ்காட் கார்சனை 2019 முதல் 2025 வரை வைத்திருந்தது. அவர் ஆடியது இரண்டே ஆட்டம். தினமும் பயிற்சிக்கு வந்து, முகம் சுளிக்காமல், மற்ற கோலிகளைத் தயார்செய்ய ஒரு மூத்த ஆள் வேண்டும் என்று பணக்கார அணி நினைக்கலாம். எங்களுக்கு அந்த வசதி இல்லை. எங்கள் மூன்றாவது கோலிக்கு ஸ்டாப்பராக நிற்கவும் தெரிய வேண்டும்.

இதுவரை சொன்னது எந்த ஊர்ப் பயிற்சியாளருக்கும் பொருந்தும். குழித்துறையில் பட்டியல் போடுகிறவனுக்கு இன்னொரு கேள்வி இருக்கிறது. ஆட்ட நாளில் ஆள் ஊரில் இருப்பானா? கடற்கரைப் பையன் தங்கலுக்குப் போனால் ஒரு மாதம், சில சமயம் அதற்கு மேலும், ஆழ்கடலில் இருப்பான். ஜூன், ஜூலையில் மீன்பிடித் தடைக்காலம் என்பதால் கரையில் இருப்பான். அப்போது மழை பெய்து கிரவுண்டு சேறாகிக் கிடக்கும். மலைப்பக்கப் பையன் விடியுமுன் ரப்பர் பால் வெட்டப் போகிறான், அவனைக் காலைப் பயிற்சிக்குக் கூப்பிட முடியாது. வளைகுடா விசாவுக்குக் காத்திருக்கிறவன் எந்த வாரம் விமானம் ஏறுவான் என்று அவனுக்கே தெரியாது. முதல் பதினொன்றில் ஒருவன் வராவிட்டால் பதிலுக்கு ஆள் இருக்கிறது. பதில் ஆளே வராவிட்டால் என்ன செய்வது? அதனால் ஒரே தரத்தில் இருவர் இருந்தால், 'சாரே, டிசம்பர் முடிய நான் இங்கதான் நிக்கேன்' என்று நாள் சொல்கிறவனுக்கே இடம்.

வயதைப் பற்றி நான் சொல்வது பலருக்குப் பிடிப்பதில்லை. கடைசி இடத்துக்கு 19 வயதுப் பையனும் 29 வயதுக்காரரும் போட்டியிட்டு, இருவரும் ஒரே தரம் என்றால், கமிட்டிக்காரர்கள் சின்னவனை வை, வளருவான் என்பார்கள். பெஞ்சில் உட்கார்ந்து யாரும் வளர்வதில்லை. அந்த வயதில் அவனுக்கு வாரம் ஒரு முழு ஆட்டம் வேண்டும். என்னால் அதைத் தர முடியாவிட்டால், தருகிற அணிக்கு அவன் போக வேண்டும். பெரிய கிளப்புகள் இளையவர்களைக் கடனாக வெளியே அனுப்புவது இதற்காகத்தான். 29 வயதுக்காரர் கற்க வேண்டியதைக் கற்றுவிட்டார். மூன்று வாரம் உட்கார்ந்துவிட்டு நாலாவது வாரம் இறங்கினாலும் எங்கே நிற்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். ஆகவே பெரியவரை வைத்துக்கொண்டு, அதிகம் நம்பிக்கை தருகிற பையனை விடுவேன்.

பிறகு கமிட்டி. ஜெர்சிக்குப் பணம் கொடுத்தவரின் மருமகன் ஒருவன் எப்போதும் இருப்பான். கால் இறுதிக்கு வந்துவிட்டால் வெளியூரிலிருந்து கெஸ்ட் பிளேயர் கூட்டி வரவேண்டும் என்பார்கள். கெஸ்ட் வருவதில் எனக்கு விரோதமில்லை. ஆனால் சீசன் முழுக்கப் பயிற்சிக்கு வந்த பையனின் இடத்தை ஒரே ஆட்டத்துக்காக எடுத்தால், அடுத்த சீசனில் ஓரத்து ஆட்டக்காரன் எவனும் பயிற்சிக்கு வரமாட்டான். முதல் அணிக்கு எதிராகப் பயிற்சியில் நின்று உழைக்க ஆளில்லாமல் போகும். அதனால் கமிட்டியிடம் சீசன் தொடங்குமுன்பே சொல்லிவிடுவேன்: கெஸ்டுக்கு இரண்டு இடம் இப்போதே காலியாக விடுகிறேன், பட்டியலில் பெயர் வந்த பிறகு யாரையும் எடுக்க விடமாட்டேன். இரண்டு பேருக்கு இது முதலிலேயே ஏமாற்றம்தான். நடுவில் வருகிற ஏமாற்றத்தைவிட அது மேல்.

விடுகிறவனிடம் எப்படிச் சொல்வது என்பது தனிக் கலை. ஆடவும் விடாமல் போகவும் விடாமல் ஒருவனைக் கட்டிப்போடுகிற வழக்கம் கால்பந்தில் பழையது. இங்கிலாந்தில் ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரரையும் கிளப் விடாமல் பிடித்துவைத்துக்கொள்ளலாம் என்ற ஏற்பாட்டை ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம் நியூகாசில் மீது போட்ட வழக்கில் 1963இல் நீதிமன்றம் தளர்த்தியது. ஒப்பந்தம் முடிந்தவர் மாற்றுத்தொகை இல்லாமல் போகலாம் என்று 1995இல் போஸ்மன் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது. ஊர் அளவில் அதே கட்டு 'என்.ஓ.சி. அப்புறம் தாரேன்' என்ற பேச்சில் இன்னும் இருக்கிறது. 'பாக்கலாம் மக்ளே' என்பது அதைவிடக் கொடுமை. பதிவு முடிகிற தேதிக்கு முன்னால் சொல்ல வேண்டும், நேரில் சொல்ல வேண்டும், வாட்ஸ்அப் குழுவில் பட்டியலைப் போட்டு அவனாகவே தேடிப் பார்க்க விடக்கூடாது. காரணத்தைக் களத்தின் இடத்தை வைத்துச் சொல்ல வேண்டும். 'நீ போதாது' என்றால் அவனால் ஒன்றும் செய்ய முடியாது. 'வலது விங்குக்கு எனக்கு மூன்று பேர் இருக்கிறார்கள், இடது பேக்குக்கு ஒருவன்தான்' என்றால் அவன் வீட்டில் போய்ச் சொல்லக்கூடிய காரணம் கிடைக்கிறது.

இந்த சீசனில் கடைசி இரண்டு இடத்துக்கு மூன்று பேர். விடியுமுன் பால் வெட்டிவிட்டு மாலைப் பயிற்சிக்குத் தவறாமல் வருகிற இடது பேக். முப்பது தாண்டிய ஒரு ஸ்டாப்பர், சேற்றில் கால் வழுக்காமல் நின்று தலையால் பந்தைத் தட்டிவிடத் தெரிந்தவர். மூன்று பேரிலும் திறமை கூடிய ஒரு பத்தொன்பது வயது வலது விங்கர். முதல் இருவரின் பெயரை எழுதினேன். விங்கரைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லி, என்.ஓ.சி.யையும் கையில் கொடுத்தேன். வலது பக்கம் ஆளில்லாமல் தவிக்கிற இன்னொரு அணியின் பயிற்சியாளரிடம் முன்பே பேசியிருந்தேன். 'அவங்களுக்கும் நமக்கும் லீக்ல ஆட்டம் இருக்கே சாரே' என்றான். இருக்கிறது. எங்கள் இடது பேக் அவனைத் தடுத்து நிற்க வேண்டும், அதற்கான பயிற்சியை இந்த வாரமே தொடங்கிவிட்டோம்.