பந்தய வண்டியைச் சுமக்கும் வண்டி

இங்கிலாந்தின் லிங்கன்ஷயரிலே, பிராண்டன் என்னுஞ் சிற்றூரின் அருகே உள்ளது பி. எஃப். இன்டர்நேஷனல் கோ-கார்ட் பந்தயத் திடல். 2017ஆம் ஆண்டு உலகச் சாம்பியன் போட்டி நடைபெற்ற இடம் அது. பந்தய நாட் காலையில் அங்கு செல்லும் நாம் முதலிற் காண்பது பந்தயத்தையன்று. கார்ட்டுகளைச் சுமந்துவரும் வாகனங்களையே. சிலர் வானிலும், சிலர் காரின் பின்னே கொளுவிய டிரெயிலரிலும் வந்திறங்குகின்றனர்.

இரண்டில் எது நன்று? கார்ட்டை இருவர் தூக்கிவிடலாம். உதிரி ரயர்களும் கருவிகளும் பெற்றோலும் சேரும்போதே பாரம் தெரியும். ஒரே கார் உள்ள குடும்பத்துக்கு டிரெயிலர் சிக்கனமானது. திங்களன்று அதைக் கழற்றிவிட்டுப் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிச் செல்லலாம். ஆயினும், தனக்கெனப் பிறேக் இல்லாத டிரெயிலரின் மொத்த எடை 750 கிலோவையோ, காரின் எடையிற் பாதியையோ விஞ்சலாகாது என்பது அந்நாட்டுச் சட்டம். டிரெயிலர் இழுக்கும் கார் பெருந்தெருவில் மணிக்கு 60 மைலுக்குமேற் செல்லவும் இயலாது.

வானோ பொருள்களைப் பூட்டிவைக்க உதவும், மழைக்கும் ஒதுங்கலாம். ஆனால், அதற்கெனத் தனிக் காப்புறுதியும் தனிச் செலவும் உண்டு.

மாலையிற் களைத்த தந்தை, உறங்கும் மைந்தனோடு வீடு திரும்ப வேண்டும். அந்தப் பயணத்தை எண்ணியே வாகனத்தைத் தேர்தல் தகும்.