கூழும் துணியும்

கெங்கவல்லியின் பங்குனி வெயிலுக்கென்று ஒரு வேலை உண்டு: கூழ்வடகம் காயவைப்பது. மரவள்ளிக் காடுகளுக்கும் சேகோ ஆலைகளுக்கும் நடுவே வளர்ந்த எங்கள் மூவருக்கும் கோடை என்பது ஜவ்வரிசிக் கூழின் மணம்தான். இரவு ஊறிய ஜவ்வரிசியை அம்மா விடியுமுன் காய்ச்சுவாள். வெள்ளை மணிகள் நீரைக் குடித்துப் பருத்துக் கண்ணாடியாகும். நாங்கள் பழைய வேட்டியை நனைத்து மாடியில் விரிப்போம்.

ஆறிய கூழைக் கையிலெடுத்து இழுத்தால் சற்றே நீண்டு அறுந்துவிடும். வேட்டியில் ஒட்டிய கூழோ, துணியைச் சுருக்கமெடுக்க இழுத்தாலும் அறுவதில்லை. இழுவையை இழைகள் வாங்கிக்கொள்கின்றன.

நீரால் ஆன பொருள் எப்படி உறுதிபெறும் என்ற கேள்விக்கு 2003இல் ஜப்பானின் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தில் ஜியன் பிங் கொங் குழுவினர் ஒரு விடை கண்டனர். ஏறத்தாழ 90 விழுக்காடு நீர்கொண்ட கூழுக்குள் இரண்டு வலைகள். ஒன்று இறுகியது, எளிதில் முறிவது. மற்றது தளர்ந்தது, நீள்வது. இழுக்கும்போது முதல் வலை எண்ணற்ற இடங்களில் முறிந்து ஆற்றலைச் செரித்துக்கொள்கிறது. அதனால் வெடிப்பு ஓடுவதில்லை; இரண்டாம் வலை உருவத்தைக் காக்கிறது. ஆனால் முறிந்தது முறிந்ததுதான். வெளியே ஒன்றும் தெரியாது. அடுத்த இழுப்பில் மட்டும் பழைய விறைப்பு இராது.

இதைப் படித்த வாரத்தில்தான் அம்மாவின் முழங்கால் எக்ஸ்ரேயைப் பார்த்தோம். எலும்புகளுக்கிடையே இருக்கவேண்டிய இடைவெளி அங்கே இல்லை. மூட்டின் குருத்தெலும்பும் இழை பின்னிய கூழே. அதில் பெரும்பகுதி நீர். கொலாஜன் இழைகள் அதைக் கட்டிவைக்கின்றன. இரத்தக் குழாய்கள் இல்லாததால் தேய்ந்தது எளிதில் மீள்வதில்லை.

எப்போதிலிருந்து வலி என்று மருத்துவர் கேட்டார். எங்களில் எவருக்கும் விடை தெரியவில்லை.

"அஞ்சாறு வருசமா இருக்குதுங்க" என்றாள் அம்மா, யாருடைய கதையையோ சொல்வதுபோல.

அந்த ஆண்டுகளிலெல்லாம் ஊருக்கு வந்து வடகப் பொட்டலத்தை வாங்கிச் சென்றிருக்கிறோம். கூழ்ப் பாத்திரத்தோடு மாடிப்படி ஏறியது யார் என்று கேட்டதில்லை.

இந்தப் பங்குனியில் நாங்கள் காய்ச்சினோம். அம்மா நாற்காலியில் அமர்ந்திருந்தாள். மாலையில் காய்ந்த வேட்டியைக் கீழே கொண்டுவந்தபோது, "இழுக்காதீங்க கண்ணு, பின்னால தண்ணி தெளிச்சு உரிங்க" என்றாள். சொன்னபடியே செய்தோம். பாதி உடைந்தது. உடைந்ததையும் சேர்த்தே டப்பாவில் போடச் சொன்னாள்.