பச்சை மண்ணு!

எங்க விருத்தாசலத்தில் செராமிக் வேலை பார்க்கும் நண்பர்களிடம் ‘தமிழ் தலைவாஸ்’ என்று சொல்லிவிட்டால் போதும், டீ ஆறிவிடும்!

2017-ல் புரோ கபடிக்குள் வந்த டீம். 2019-ல் அஜய் தாக்கூர், ராகுல் சௌத்ரி, மன்ஜீத் சில்லார் என ஸ்டார் பட்டாளம். 12 டீமில் 12-வது இடம்! பி.காம். படித்த எனக்கே இந்தக் கணக்கு டேலி ஆகவில்லை. சூளை போடும் நண்பர்தான் சொன்னார்: “வெந்து முடிஞ்சதைச் சேர்த்துப் பிசைய முடியுமா சார்? பச்சை மண்ணு வேணும்!”

2022 சீசனுக்கு முன் நடந்த ஏலத்தில் பவன் ஷெராவத்துக்கு 2.26 கோடி! முதல் மேட்ச்சிலேயே முழங்காலில் அடிபட்டு வெளியேறினார். ‘போச்சுடா’ என்று தலையில் கை வைத்தோம். ஆனால், அதே சீசனுக்குச் சேர்த்திருந்த புதுமுகம் நரேந்தர், ரெய்டில் 200 பாயின்ட்டுக்கு மேல் அள்ளினார். இளைஞர் சாகர் கேப்டனாகத் தாங்கினார். பாதியில் வந்த கோச் அஷன் குமார் நம்பிக்கை கொடுத்தார். முதல்முறையாக செமி ஃபைனல்! அதில் புனேயிடம் நூலிழையில் தோற்றார்கள். ஆனாலும், கடைசி பெஞ்ச் இல்லையே!

சீசன் ஓய்ந்திருக்கும்போது யாரைச் சேர்க்கிறோம் என்பதில்தான் பாதி ஆட்டம். உங்கள் ஆபீஸிலும் ஓரமாக ஒரு நரேந்தர் இருப்பார். அது நீங்களாகவும் இருக்கலாம். சீனியர் லீவு போடுவதற்குள் அந்த ஃபைலைப் படித்து வையுங்க சார்!