தாம்பரம் போகும் ரெண்டாயிரம்

மன்னார்குடியிலிருந்து சற்று உள்ளே தள்ளிய ஒரு கிராமம். நவம்பர் தொடக்கம். ராத்திரி பெய்த மழை விட்டிருந்தது. சம்பா வயல்களில் தண்ணீர் தளும்பி நின்றது. பொதுச் சேவை மையத்தின் வாசலில் இருபது பேராவது இருப்பார்கள். பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசித் தேதி நெருங்குகிறதே என்று வந்தவர்கள் பாதி. ‘ரெண்டாயிரம்’ ஏன் வரவில்லை என்று கேட்க வந்தவர்கள் மீதி.

ரெண்டாயிரம் என்றால் மத்திய அரசின் பி.எம். கிசான் உதவித்தொகை. ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணை. 2019 பிப்ரவரியில் தொடங்கிய தொகை இன்றும் அதேதான். ஒரு மூட்டை டிஏபி 1,350, ரெண்டு மூட்டை யூரியா 533. ஒரு தவணை அதோடு சரி.

உள்ளே ஒரு ஆச்சி அந்தப் பணத்துக்கான ஆதார் சரிபார்ப்புக்காக (கேஒய்சி) கைரேகைக் கருவியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். கட்டை விரலை வைக்கிறார், ஏற்கவில்லை. முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடி. “ஆச்சி, நல்லா அழுத்துங்க” என்கிறான் மையத்துப் பையன். “நாத்துப் பறிச்ச கைடா, ரேகை எங்க இருக்கு?” அடுத்த விரல், அதற்கடுத்த விரல். நான் நின்றிருந்தவரை கருவி மசியவில்லை. 2020 ஊரடங்கில் தமிழ்நாட்டில் தகுதியே இல்லாத லட்சக்கணக்கானோர் இத்திட்டப் பட்டியலில் நுழைந்து 110 கோடி ரூபாய் போனது நினைவிருக்கலாம். சரிபார்க்க வேண்டியதுதான். ஆனால் நாற்று பறித்த கையே நாற்று பறித்ததற்குச் சாட்சியாகாமல் போவது வேடிக்கை.

வரிசையில் எனக்கு முன்னால் நின்றவருக்கு அறுபது வயதிருக்கும். மஞ்சப்பையில் கிராம நிர்வாக அலுவலர் கொடுத்த அடங்கல். ஒன்பது மா சாகுபடி, எல்லாம் குத்தகை. ஆறு மா கோயில் நிலம், மூன்று மா தனியாருடையது.

“ஐயாவுக்கு ரெண்டாயிரம் வருதுங்களா?” என்றேன்.

“நமக்கு ஏது தம்பி? பட்டா வேணும்ல. இது பெரியம்மாவோடது, அத விசாரிக்கத்தான் வந்தேன்.”

அந்த மூன்று மாவுக்குச் சொந்தக்காரரான பெரியம்மா, தாம்பரத்தில் மகன் வீட்டில் இருக்கிறார். போன தவணை வரவில்லையாம். காலையில் போன் போட்டு, மையத்தில் கேட்டுச் சொல்லச் சொல்லியிருக்கிறார். பையன் ஆதார் எண்ணைத் தட்டிப் பார்த்து, “கேஒய்சி முடிக்கல, அங்கயே ஓடிபில முடிச்சிரலாம்” என்றான். இவர் அதை அப்படியே போனில் ஒப்பித்தார்.

பெரியம்மாவைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. விதிப்படி அவருக்கு உரிய பணம். பட்டாதாரருக்குத்தான் தொகை. கோயில் போன்ற நிறுவனங்களுக்குக் கிடையாது என்பதால் அந்த ஆறு மாவுக்கு யார் கணக்கிலும் எதுவும் வராது. டெல்டாவில் கோயில், மடத்து நிலங்கள் எவ்வளவு என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

உழுபவர் யாரென்று அரசுக்குத் தெரியாது என்பார்கள். அதே மேஜையில், அதே பையன், அதே அடங்கலை வைத்து, அவர் பெயரில் காப்பீட்டுக்குப் பதிந்தான். விவசாயி பங்கு ஒன்றரை சதவீதம், எண்ணிக் கொடுத்தார். பிரீமியம் வாங்கச் செல்லுபடியாகும் காகிதம், உதவித்தொகை கொடுக்க மட்டும் ஏன் செல்லாது? ஒடிசா தன் காலியா திட்டத்தில் பங்குச் சாகுபடிக்காரர்களையும் சேர்த்தது. இங்கேயும் செய்யலாம்.

அவர் ரசீதை மடித்து அடங்கலோடு பையில் வைத்தார். போன் அடித்தது. பெரியம்மாதான்: ஓடிபி வந்துவிட்டதாம், எங்கே போடுவது என்று கேட்டார்.