இறைக்காத கிணறு

"உங்கள் பழைய கட்டுரைகளை எப்போது இந்தப் பக்கத்தில் ஏற்றுவீர்கள்?" என்று கனடாவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வாசகர்கள் கேட்டு எழுதுவதுண்டு. "விரைவில்" என்று பதில் எழுதுவது எனது வழக்கமாகிவிட்டது. பத்திரிகைக்காரன் 'விரைவில்' என்றால் அதன் பொருள் என்னவென்பது இத்தொழிலில் இருந்தவர்களுக்குத் தெரியும். ஆனால், இம்முறைத் தாமதத்துக்கு உண்மையான காரணம் ஒன்று உண்டு. அதில் எனது தவறும் அடங்கியிருப்பதால் சொல்லத் தயங்கிக்கொண்டிருந்தேன். சொல்லிவிடுவதே முறை.

எங்கள் வீடு சாம்பல்தீவில் இருக்கிறது. திருகோணமலை நகரிலிருந்து நிலாவெளி வீதியால் வடக்கே போனால், உப்புவெளியைத் தாண்டியதும் வரும் ஊர். ஒருபுறம் கடல், மறுபுறம் களப்பு. 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் திகதி காலை கடல் ஊருக்குள் வந்தபோது நான் கொழும்பில் இருந்தேன். வீட்டிலிருந்தவர்கள் உயிர்தப்பினார்கள். தொழிலில் சேர்ந்த முதல் ஆறேழு ஆண்டுகளில் எழுதியவற்றை நறுக்கி அடுக்கி வைத்திருந்த றங்குப்பெட்டி போய்விட்டது. ஊரில் எத்தனையோ வீடுகளில் மனிதரே போயிருக்கையில் பெட்டியைப் பற்றிப் பேச எனக்கு வாய் வரவில்லை. கிணறும் உப்பாகிவிட்டது. இறைத்து இறைத்து, ஒரு மாரி கடந்த பின்னரே அந்தத் தண்ணீரை வாயில் வைக்க முடிந்தது. தெளிவாகத் தெரிகிறது என்பதற்காக நம்பிவிடாமல், அப்பா அவ்வப்போது ஒரு வாளி அள்ளி நாக்கில் வைத்துப் பார்ப்பார். அந்தக் காட்சி ஏன் நினைவுக்கு வருகிறது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

1997க்குப் பிந்திய எழுத்துகள் தப்பின. அவை கொழும்பில், நெகிழ்வட்டுகளிலும் பின்னர் குறுவட்டுகளிலும் இருந்தன. ஆனால் எல்லாம் பாமினி எழுத்துருவில் தட்டெழுதப்பட்டவை. இலங்கைப் பத்திரிகை அலுவலகங்களில் ஒருகாலத்தில் பாமினி தெரியாதவர் பக்கம் செய்ய முடியாது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், நாலு பக்கக் கட்டுரையும் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகவே தெரியும். அவற்றை ஒருங்குறிக்கு மாற்றவேண்டும். மாற்றிகள் பல இணையத்தில் கிடைக்கின்றன. ஆயினும் அவற்றிற் சில செய்யும் கோலத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பாமினியில் ஒற்றைக்கொம்பை முதலில் அடித்து, பின்னர்தான் மெய்யை அடிப்போம். 'கௌ' என்பதற்கும் கொம்பு, க, ள என்று மூன்று விசைகள். அதனால் கவனமற்ற மாற்றி 'வெளி' என்று வரவேண்டிய இடத்தில் 'வௌி' என்று போட்டுவிடும். இணையத்தில் 'வௌிநாடு' என்று எத்தனை ஆயிரம் இடங்களில் கிடக்கிறதோ!

ரொரன்ரோவில் மென்பொருள் துறையில் இருக்கும் என் தங்கையின் மகன் எங்களுக்கென ஒரு மாற்றியை எழுத முன்வந்தான். என்னோடு பணியாற்றி ஓய்வுபெற்ற மூத்த ஒப்புநோக்காளர் ஒருவர் அதன் பிழைகளைப் பார்த்துச் சொல்ல இசைந்தார். அவரை நாங்கள் ஐயா என்றே அழைப்போம். நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்துவைக்க கிட் என்ற ஏற்பாட்டை மருமகன் பயன்படுத்தினான். 2005 ஏப்ரலில் லினக்ஸ் புகழ் லைனஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கியது அது. பத்திரிகைக்காரனுக்கு இதை விளக்குவது எளிது. முதற்படி, திருத்திய படி, மீண்டும் திருத்திய படி என்று ஒவ்வொரு அச்சுப்படியையும், யார் எந்த வரியை எப்போது ஏன் மாற்றினார் என்ற குறிப்போடு எறியாமல் வைத்திருப்பதுதான் கிட். அதைப் படியெடுத்தவர் ஒவ்வொருவரிடமும் முழு வரலாறும் இருக்கும் என்பது அதன் பெருஞ்சிறப்பு.

இத்தகைய களஞ்சியங்களுக்கு இலவசமாக இடந்தரும் தளங்கள் உண்டு. 2018இல் மைக்ரோசொப்ட் நிறுவனம் 750 கோடி டொலருக்கு வாங்கிய கிட்ஹப் அவற்றுள் பெரியது. நாங்களும் இரவல் இடமொன்றில்தான் தொடங்கினோம். ஆனால், இரவல் இடத்தின் கதி எனக்குத் தெரியும். கூகுள் கோட் தளத்தை மூடப்போவதாக 2015 மார்ச்சில் அறிவித்தார்கள். 2016 ஜனவரியில் மூடினார்கள். கிட்டோரியஸ் தளமும் 2015இல் மூடப்பட்டது. 2019 ஜூலையில் அமெரிக்கத் தடைகளைக் காரணங்காட்டி ஈரான், சிரியா, கிரைமியா பயனர்களின் கணக்குகளை கிட்ஹப் கட்டுப்படுத்தியது. ஈரானியருக்கு 2021இல்தான் அது தளர்ந்தது. கட்டணம் செலுத்தி இடம் எடுக்கலாமென்றால், 2022இல் இலங்கையில் டொலரின் விலை ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவைத் தாண்டியதை அனுபவித்தவர்கள் நாங்கள். சொந்த வளவில் ஒரு கிணறு வெட்டினால் என்ன என்று தோன்றியது.

இந்தக் கிணற்று உவமை முழுவதும் எனதன்று. கிட்லாப் என்ற புகழ்பெற்ற தளத்தை 2011இல் எழுதத் தொடங்கிய டிமித்ரி ஸப்போரோஷெட்ஸ் என்ற உக்ரேனிய இளைஞரின் வீட்டில் அப்போது குழாய்த்தண்ணீர் இல்லை. நாள்தோறும் கிணற்றுக்குப் போய்வருவதைவிட, கூடி வேலைசெய்ய நல்ல மென்பொருள் இல்லாததே அவருக்குப் பெரிய குறையாகப் பட்டதாம். அவருடைய ஆக்கத்தையே நிறுவ விரும்பினேன். ஆனால் அது அப்போது தனக்கு மட்டுமே குறைந்தது 4 கிகாபைட் நினைவகம் கேட்டது. எங்களிடமிருந்தது பழைய மடிக்கணினி. எனவே போர்ஜெயோ என்ற இலகுவான மென்பொருளைத் தேர்ந்தோம். அதன் முன்னோடியான கிட்டீயின் பெயரும் தளமுகவரியும் 2022இல் ஒரு நிறுவனத்தின் கைக்குப் போனபோது, உடன்படாத தன்னார்வலர்கள் பிரிந்துவந்து தொடங்கியது இது. பெயருக்கு எஸ்பெராந்தோ மொழியில் கொல்லன் பட்டறை என்று பொருள்.

நிறுவியது கொள்கலன் முறையில். கொள்கலன் என்றதும் துறைமுகத்துப் பெட்டிதான் நினைவுக்கு வரும். 1956இல் மல்கம் மக்லீன் என்ற அமெரிக்கர் 58 பெட்டிகளை ஒரு கப்பலில் ஏற்றித் தொடக்கிவைத்த முறை. 2013இல் வந்த டொக்கர் என்ற மென்பொருளின் சின்னமும் பெட்டி சுமக்கும் திமிங்கிலம்தான். எங்கள் துறைமுகம் கோதுமையும் சீமெந்தும் எண்ணெயும் இறக்கும் துறைமுகம்; பெட்டிகள் கொழும்புக்குத்தான் போகின்றன. ஆகவே எனக்குப் பொருத்தமாகத் தோன்றிய உவமை கன்னியாவின் வெந்நீர்க் கிணறுகள். ஏழு கிணறுகளும் ஒரே நிலத்தில் அருகருகே இருக்கின்றன. ஆனால் ஒவ்வொன்றுக்கும் தனிக்கட்டு; ஒவ்வொன்றிலும் வெவ்வேறு சூடு. கணினியிலும் அப்படியே. இயக்குதளத்தின் கரு பொதுவான நிலம்; அதன்மீது ஒவ்வொரு மென்பொருளும் தனக்கு வேண்டிய துணைப்பொருள்களோடு தனிக்கட்டுக்குள் இயங்கும். ஒன்றின் சூடு மற்றதைத் தாக்காது. ரொரன்ரோவில் ஓடிய அதே கட்டமைப்பு சாம்பல்தீவிலும் அச்சொட்டாக ஓடும்.

எங்களிடம் இரண்டு கொள்கலன்கள். ஒன்றில் போர்ஜெயோ, மற்றதில் போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளம். இரண்டையும் பற்றிய விவரம் இருபது முப்பது வரிகொண்ட ஒரு கோப்பில் இருக்கும். ஒரு கட்டளையிட்டால் இரண்டும் எழும். ஆனால் துறைமுகப் பெட்டிக்கும் இதற்கும் முக்கியமான வேறுபாடு ஒன்றுண்டு. அங்கே சரக்கு பெட்டிக்குள் இருக்கும். இங்கே சரக்கைப் பெட்டிக்குள் வைக்கவே கூடாது. புதிய பதிப்பு வரும்போதெல்லாம் பழைய கொள்கலனை எறிந்துவிட்டுப் புதியதை எழுப்புவதே வழக்கம். ஆகவே தரவுகள் வெளியே, தனிச் சேமிப்பிடத்தில் இருக்கவேண்டும். நிரல் களஞ்சியங்களைச் சாதாரணக் கோப்புறையொன்றில் வைத்தோம். தரவுத்தளத்தை டொக்கரே பராமரிக்கும் சேமிப்பிடத்தில் விட்டோம். இந்த வேறுபாட்டின் பொருள் அன்று எனக்குப் புரியவில்லை.

2023இல் தளம் இயங்கத் தொடங்கியது. மாற்றி எங்கே தவறுகிறது என்று ஐயா ஒவ்வொரு குறிப்பாகத் தளத்தில் எழுதுவார், மருமகன் திருத்துவான். குறிப்புகள் இருநூற்றைத் தாண்டின. அவை வெறும் பிழைப்பட்டியல் அல்ல. எங்கள் ஊர்ப்பெயர் ஒரு கட்டுரையில் 'சாம்பல்தீவு' என்றும் இன்னொன்றில் 'சாம்பற்றீவு' என்றும் இருந்தது. ஒரேவிதமாக ஆக்கிவிடலாமா என்று கேட்டேன். "அச்சில் வந்தது வந்ததுதான். இன்றைய வசதிக்காக நேற்றையப் பத்திரிகையைத் திருத்தாதீர்" என்று தொடங்கி, எங்கே கைவைக்கலாம், எங்கே கூடாது என்று நீண்ட விளக்கம் எழுதினார். நாற்பது ஆண்டுத் தொழிலறிவு அது. 2024 ஒக்டோபரில் ஐயா காலமானார்.

2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததால் நாடு முழுவதும் மின்தடை ஏற்பட்டதாக அமைச்சர் அறிவித்ததை உலகமே சிரித்துப் படித்தது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேர மின்வெட்டைக் கண்டிருந்ததால்தான் மின்கலம் உள்ள மடிக்கணினியைத் தெரிவுசெய்திருந்தோம். ஆனால் மின்கலமும் என்னைப்போல வயதானது. கணினி நடுவழியில் அணைந்தது. மின்சாரம் மீண்டபோது தரவுத்தளக் கொள்கலன் எழ மறுத்தது. ரொரன்ரோவில் அது தூங்கும் நேரம். தம்பியை எழுப்புவானேன் என்று நானே ஒரு குறிப்பைப் பார்த்து, கொள்கலன்களை இறக்கும் கட்டளையைத் தட்டினேன். கட்டளையின் முடிவில் ஒரு சிறு கோடும் 'வீ' என்ற ஒற்றை ஆங்கில எழுத்தும் இருந்தன. சேமிப்பிடங்களையும் சேர்த்து அழி என்பது அந்த எழுத்தின் பொருள். மறுபடி எழுப்பினேன். தளம் உடனே எழுந்தது, புத்தம்புதிதாக, நிர்வாகியின் பெயரைக் கேட்டுக்கொண்டு.

பதறவில்லை. நாள்தோறும் அதிகாலை இரண்டு மணிக்குத் தரவுத்தளத்தின் காப்புப்படி வெளிவட்டில் எழுதப்படுமாறு செய்திருந்தோம். மருமகனை அழைத்தேன்.

"மாமா, அந்தக் கோப்புகளை ஒருக்காலாவது திறந்து பாத்தனீங்களோ?"

"ஒவ்வொரு நாளும் வருதுதானே தம்பி."

"வாறது சரி மாமா. உள்ளுக்க என்ன இருக்கு?"

உள்ளே ஒன்றுமில்லை. ஒவ்வொரு கோப்பும் பூச்சியம் பைட். 2024 ஜூனில் தரவுத்தளத்தைப் புதுப்பித்தபோது கொள்கலனின் பெயரை மாற்றியிருந்தோம். காப்புப்படி எடுக்கும் நிரல் பழைய பெயரையே கூப்பிட்டுக்கொண்டிருந்தது. பதில் கிடைக்காவிட்டாலும், அன்றைய திகதியிட்ட வெறுங்கோப்பொன்றை அது தவறாமல் உருவாக்கியது. இடம் மிச்சம்பிடிப்பதற்காக முப்பது நாளுக்கு மேற்பட்ட கோப்புகளை அழிக்கும்படியும் சொல்லிவைத்திருந்தோம். அந்த வேலையை மட்டும் அது பிசகாமற் செய்தது. நல்ல படிகளெல்லாம் ஜூலையிலேயே போய்விட்டன.

குரங்கைக் குறைசொல்வதற்கில்லை. விரல் என்னுடையது. மாற்றியின் நிரல் முழுமையாகத் தப்பியது. கோப்புறையிலும் இருந்தது, ரொரன்ரோவிலும் இருந்தது. ஆனால் ஐயாவின் குறிப்புகள் கிட்டுக்குள் இருந்தவையல்ல. அவை தளத்தின் தரவுத்தளத்தில் இருந்தவை. மின்னஞ்சல் அறிவித்தல் வசதியையும் நாங்கள் நிறுவியிருக்கவில்லை. கைகளுக்குப் படி இருந்தது, பேச்சுக்குப் படி இருக்கவில்லை.

பெரிய இடத்திலும் இது நடந்திருக்கிறது. 2017 ஜனவரி 31ஆம் திகதி கிட்லாப் நிறுவனப் பொறியியலாளர் ஒருவர், துணைத் தரவுத்தளம் என்று எண்ணி முதன்மைத் தரவுத்தளத்தின் கோப்புறையை அழித்துவிட்டார். ஓரிரு நொடியில் நிறுத்தியும், ஏறத்தாழ 300 கிகாபைட்டில் 4.5 மட்டுமே எஞ்சியது. காப்புப்படி நிரல் பதிப்புப் பொருந்தாமையால் ஏற்கெனவே தோல்வியுற்றுக்கொண்டிருந்தது; அதை எச்சரிக்கும் மின்னஞ்சல்களும் உரியவர்களைச் சேரவில்லை. வேறொரு தேவைக்காகத் தற்செயலாக ஆறு மணிநேரம் முன்னர் எடுத்த படியே அவர்களைக் காப்பாற்றியது. அங்கும் நிரல்கள் தப்பின. ஏறத்தாழ 5,000 கருத்துரைகள் போயின. அவர்கள் மீட்புப் பணியை யூடியூபில் நேரலையாகக் காட்டினார்கள். தவறிய பொறியியலாளரைப் பலிகொடுக்கவில்லை. ஆராய்ந்து முழுவதையும் எழுதி வெளியிட்டார்கள். திருத்தம் வெளியிடத் தயங்கும் பத்திரிகைகளில் வாழ்நாளைக் கழித்தவனுக்கு அதைப் படிக்க வெட்கமாக இருந்தது. இந்தக் கட்டுரையை எழுதும் துணிவும் அங்கிருந்து வந்ததுதான்.

இப்போது என்ன செய்கிறோம்? தரவுத்தளத்தையும் கண்ணுக்குத் தெரியும் கோப்புறைக்கு மாற்றிவிட்டோம். காப்புப்படி வெறுமையாக இருந்தால் நிரல் கூச்சலிடும். ஒரு படி ரொரன்ரோவுக்குப் போகிறது. இவையெல்லாவற்றையும்விட முக்கியமானது, மாதத்தின் முதல் ஞாயிறன்று வேறொரு கணினியில் புதிய கொள்கலனை எழுப்பி, காப்புப்படியை அதில் இறக்கி, ஏதாவதொரு குறிப்பைத் திறந்து வாசிக்கிறேன். இறைத்த கிணறு ஊறும், இறைக்காத கிணறு நாறும் என்பார்கள். அப்பா நாக்கில் வைத்துப் பார்த்தது போல, இதையும் அள்ளிப் பார்க்காமல் நம்புவதில்லை.

ஐயாவின் குறிப்புகளை நிரலின் வரலாற்றிலிருந்து மீட்க முயல்கிறோம். "ஐயாவின் 41ஆம் குறிப்பின்படி" என்று மருமகன் தன் திருத்தங்களோடு எழுதிவைத்திருக்கிறான். என்ன மாற்றினான் என்பது தெரிகிறது. அதிலிருந்து ஐயா என்ன சொல்லியிருப்பார் என்று ஊகிக்கலாம். ஏன் சொன்னார் என்பதை ஊகிக்க இயலவில்லை. சில நாள்களில் ஒரே குறிப்போடு ஒரு மாலை கழிந்துவிடுகிறது.

கட்டுரைகள் வரும். முதலில் 1997ஆம் ஆண்டுக்குரியவை. அவற்றில் சாம்பல்தீவு ஓரிடத்தில் சாம்பற்றீவாகவும் இருக்கும். அதைப் பிழையென்று சுட்டி எனக்கு எழுதவேண்டாம். அது ஐயாவின் தீர்ப்பு.